நேர்வழி நின்ற பத்திராதிபர்

பத்திரிகைத் தாளுக்கு ஆயுள் ஒரு நாளென்பர். காலையில் ஆவலோடு வாங்கப்பெறும் தாள், மாலையில் கடைக்காரர் பொட்டலங் கட்ட உதவுகின்றது. அதில் எழுதினோர் பெயரும் பெரும்பாலும் அத்தாளோடே மறைந்துபோகின்றது. ஆயினும், அத்தகைய தாளில் தாம் எழுதிய எழுத்துக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தாரும் சிலர் உளர். அவருள் ஒருவர், ஜெர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவிலே பத்திராதிபராய் விளங்கிய பிரிட்ஸ் கெர்லிக் என்பவர். அவர்தம் வரலாற்றை நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவைத்தல் நலம். பிழையே செய்யாத பெரியாராக அவரைக் காட்ட நாம் கருதினோமல்லோம். அவர் பெரும்பிழை ஒன்று செய்தவர். அப்பிழையை உணர்ந்தபின் அவர் நடந்துகொண்ட முறையே நம் சிந்தனைக்கு உரியது.

பிறப்பும் கல்வியும்

கெர்லிக், 1883ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த ஸ்டெட்டின் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் போலந்து நாட்டுக்கு உரியதாயிற்று. அவர் தந்தையார் மீன் வியாபாரம் செய்துவந்தவர். குடும்பத்தார் கால்வினுடைய கொள்கையைத் தழுவிய கிறிஸ்தவர்கள். கண்டிப்பும் சிக்கனமும் நிறைந்த அவ்வீட்டிலே வளர்ந்த பிள்ளை, 1901ஆம் ஆண்டில் பள்ளிப்படிப்பை முடித்து, நாட்டின் மறுகோடியிலுள்ள மியூனிக் நகரத்துக்குச் சென்று சர்வகலாசாலையிற் சேர்ந்தார். முதலிற் கணிதமும் இயற்கை நூல்களும் பயின்றவர், பின்னர்ச் சரித்திரத்தின்பால் மனத்தைச் செலுத்தி, 1907ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் பவேரிய அரசாங்கத்தின் ஆவணக் காப்பகத்தில் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

ஆவணக் காப்பகத்து உத்தியோகம் ஆரவாரமற்றது. பழைய ஓலைகளையும் கடிதங்களையும் ஆராய்ந்து, எது மெய், எது பொய், எது பின்னாளிற் புகுத்தப்பட்டது என்று பிரித்தறிவதே அங்குள்ள வேலை. ஒருவர் கூறியதனால் மட்டும் ஒன்றை நம்பாது, மூல ஆவணத்தைக் கண்ணாற் கண்டே நம்புதல் வேண்டும் என்னும் பழக்கம் கெர்லிக்குக்கு அங்கே உண்டாயிற்று. வாழ்நாளில் ஒரே ஒருமுறை அப்பழக்கத்தை அவர் கைவிட்டார். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

அவருக்குக் கண்பார்வை மிகக் குறைவு. எஃகுக் கம்பியிட்ட கண்ணாடியின்றி அவரால் எதனையும் படித்தல் இயலாது. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டபோது, இக்குறையினால் அவர் போர்ச்சேவைக்கு ஏற்றவரல்லர் என்று தள்ளப்பட்டார். போர்க்களம் செல்லாதவர் பேனாவைக் கையிலெடுத்து, தேசாபிமானம் மேலிட்ட கட்டுரைகளை எழுதலானார்.

பத்திராதிபர் பதவி

1918ஆம் ஆண்டில் ஜெர்மனி தோல்வியுற்றது. மன்னர்கள் முடிதுறந்தனர். 1919ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் மியூனிக் நகரிலே பொதுவுடைமையார் ஆட்சியொன்று சிலவாரங்கள் நடைபெற்று, இரத்தப்பெருக்கோடு முடிவுற்றது. அக்குழப்பத்தைக் கண்ட கெர்லிக், 1920ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பொதுவுடைமை என்பது பொருளாதாரக் கொள்கை மாத்திரமன்று, இவ்வுலகத்திலேயே ஆயிரமாண்டுப் பேரின்ப அரசை நாட்டிவிடலாம் என்று வாக்களிக்கும் ஒருவகைச் சமயமே என்பது அந்நூலின் கருத்து. அக்கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவராயினும், அதற்காக யூதர்மீது பழி சுமத்திய கூட்டத்தாரையும் அதே நூலில் அவர் மறுத்துரைத்தார். ஒரு கூட்டத்தை எதிர்ப்பவர் மற்றொரு கூட்டத்தின் பொய்க்குத் துணைபோக வேண்டியதில்லை என்பதை அவர் அப்போதே அறிந்திருந்தார்.

அந்த ஆண்டிலேயே, மியூனிக்கின் புதுச்செய்திகள் என்று பொருள்படும் பெயருடைய நாளிதழுக்கு அவர் தலைமை ஆசிரியரானார். மூன்க்னர் நொயெஸ்டெ நாக்ரிக்டென் என்பது ஜெர்மன் மொழியில் அதன் பெயர். தென்ஜெர்மனியில் அதற்கு ஒப்பான செல்வாக்குடைய பத்திரிகை வேறில்லை. பவேரியாவின் மந்திரிகளும், வியாபாரிகளும், பள்ளி ஆசிரியர்களும் காலைதோறும் அதனைப் படித்தனர். முப்பத்தேழு வயதில் அப்பதவியில் அமர்ந்த கெர்லிக், அவ்வாண்டு அக்டோபரில் ஸோபி என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

ஒரு பெரும்பிழை

இனி, நாம் முன்னே குறித்த பிழையைச் சொல்லுவோம். அக்காலத்தில் மியூனிக் நகரின் மதுச்சாலைக் கூடங்களிலே ஹிட்லர் என்னும் பேச்சாளர் ஒருவர் புகழ்பெற்று வந்தார். தேசத்தின் அவமானத்தைத் துடைக்கவேண்டும் என்ற ஆவல் கெர்லிக்குக்கும் இருந்தது. ஆதலின், அம்மனிதரைத் தம் கட்சிக்குத் துணையாகக்கூடியவர் என்றே அவர் முதலில் எண்ணினார். சட்டத்துக்கு மாறாக எதுவுஞ் செய்யார் என்றும் நம்பினார். ஆவணங்களை ஐயுறக் கற்றவர், ஆளை ஐயுறாதுவிட்டார்.

1923ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, பவேரியாவின் ஆட்சிப்பொறுப்பை ஏற்றிருந்த குஸ்டாவ் வான் கார் என்பவர் ஒரு மதுச்சாலைக் கூடத்திலே பொதுக்கூட்டத்திற் பேசிக்கொண்டிருந்தார். கெர்லிக்கின் பத்திரிகை அவரை ஆதரித்து வந்தது. அப்போது ஹிட்லர் ஆயுதந் தாங்கிய ஆட்களுடன் உட்புகுந்து, மேற்கூரையை நோக்கித் துப்பாக்கியாற் சுட்டு, புதிய அரசாங்கம் ஏற்பட்டதென்று அறிவித்தார். காரும் அவருடனிருந்தோரும் அச்சுறுத்தப்பட்டு அதற்கு இசைந்தவர்போற் காட்டி, வெளியேறியதும் அதனை மறுத்து, கலகத்தை அடக்க ஆணையிட்டனர். மறுநாள் நகரின் நடுவிலே போலீசாருக்கும் கலகக்காரருக்கும் நடந்த மோதலில் போலீசார் நால்வரும் கலகக்காரர் பதின்மருக்கு மேற்பட்டோரும் மாண்டனர். ஹிட்லர் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றும், 1924ஆம் ஆண்டு டிசம்பரிலேயே விடுதலையானார்.

கெர்லிக்கின் கண்கள் அன்றே திறந்தன. அச்செயலைத் துரோகமென்று தம் பத்திரிகையிற் கண்டித்தெழுதினார். பிறரெல்லாம் அக்கட்சி ஒழிந்ததென்று மறந்திருந்த ஆண்டுகளிலும் அவர் அதனை மறக்கவில்லை. ஏமாற்றியவரை மறத்தல் எளிது. தாம் ஏமாந்ததை மறவாதிருத்தல் அரிது.

கொன்னர்ஸ்ராய்ட் கிராமம்

1927ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கை எதிர்பாராத திருப்பம் ஒன்றை அடைந்தது. பவேரியாவின் வடகிழக்கெல்லையில் கொன்னர்ஸ்ராய்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்த் தையற்காரரின் மகளாகிய தெரேஸ் நாய்மன் என்ற பெண்ணின் உடம்பிலே கிறிஸ்துவின் காயங்கள் தோன்றுகின்றன என்று எங்கும் பேச்சாயிருந்தது. கெர்லிக்கின் பத்திரிகையிற் பணியாற்றிய எர்வைன் வான் அரெட்டின் என்பவர் அங்குச் சென்றுவந்து நீண்ட கட்டுரையொன்று எழுதினார். அதனைப் படித்தோர் வியந்தனர். தலைமை ஆசிரியரோ ஐயுற்றார். மோசடியிருப்பின் அதனை வெளிப்படுத்திவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் தாமே அவ்வூருக்குச் சென்றார்.

ஒருமுறையன்று, பலமுறை சென்றார். அருகிருந்து பார்த்தார், சாட்சிகளை விசாரித்தார், எழுதிவைத்தார். முடிவில், அப்பெண் ஏமாற்றுக்காரியல்லள் என்ற உறுதி அவருக்கு உண்டாயிற்று. அந்நிகழ்ச்சிகளைக் குறித்து மருத்துவரும் சமயநூல் வல்லாரும் பிற்காலத்திலும் ஒருமித்த முடிவுக்கு வந்தாரல்லர்; அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையுமன்று. ஆனால், கெர்லிக்கின் முடிவை அவர் நண்பர் பலர் நகைத்தனர் என்பதும், நகைப்புக்கு அஞ்சி அவர் அம்முடிவை மறைத்தாரல்லர் என்பதும் நாம் அறியத்தக்கன. 1928ஆம் ஆண்டில் பத்திரிகை உரிமையாளரோடு வேற்றுமை ஏற்பட, அவர் தலைமை ஆசிரியர் பதவியை விட்டு விலகினார். மறு ஆண்டில் தம் ஆராய்ச்சியை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆவணக் காப்பகத்து வேலைக்கும் மீண்டார்.

கொன்னர்ஸ்ராய்ட்டில் அவருக்கு நண்பர் சிலர் கிடைத்தனர். கப்பூச்சின் சபைத் துறவியாகிய இங்பெர்ட் நாப் அடிகள் ஒருவர். எரிக் வான் வால்ட்பர்க்-ஸைல் என்னும் பிரபு ஒருவர். இவர்தம் கூட்டுறவால் கெர்லிக் 1931ஆம் ஆண்டு செப்டம்பரில் கத்தோலிக்க திருச்சபையிற் சேர்ந்தார். உறுதிபூசுதல் பெற்றபோது மைக்கேல் என்னும் பெயரை ஏற்றார்.

நேர்வழி

அந்நண்பர் குழு ஒரு பத்திரிகையின் இன்றியமையாமையை உணர்ந்தது. நாட்டின் நிலை அவ்வளவு மோசமாகியிருந்தது. 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெர்மன் பாராளுமன்றத்திலே 12 இடங்களே பெற்றிருந்த ஹிட்லர் கட்சி, 1930ஆம் ஆண்டு செப்டம்பரில் 107 இடங்களைக் கைப்பற்றியது. வேலையில்லாதோர் வரிசை வரிசையாய்த் தெருவில் நின்றனர். வாக்களிப்பவர் எவராயினும் அவரை நம்பும் நிலைக்கு மக்கள் வந்திருந்தனர். அவ்வாண்டிலேயே பிரபுவின் பொருளுதவியால் ஞாயிறுதோறும் வரும் படப்பத்திரிகையொன்றை அவர்கள் விலைக்கு வாங்கினர். 1932ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதற்கு நேர்வழி என்று பொருள்படும் ஜெர்மன் பெயரை இட்டனர். ஆசிரியர் கெர்லிக்.

முன்னர் அவர் நடத்தியது செல்வர் பணத்தால் நடந்த பெரிய நாளிதழ். இப்போது கையிலிருந்ததோ ஒரு சிறிய வாரத்தாள். ஆயினும், பெரிய இதழில் எழுதத் துணியாதவற்றை இச்சிறிய இதழ் எழுதியது. ஹிட்லர் கட்சியாரின் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாய் எடுத்து, அவற்றுள் ஒன்றோடொன்று முரண்படுவனவற்றை வெளிப்படுத்தினார் கெர்லிக். 1932ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாப் அடிகள் ஹிட்லருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் இவ்விதழில் வெளிவந்தது. அதனை நாடெங்குமுள்ள பத்திரிகைகள் எடுத்து வெளியிட்டன. துண்டுப்பிரசுரமாகவும் அது பரவியது.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கெர்லிக் புதிய ஆயுதமொன்றைக் கையாண்டார். அது நகைச்சுவை. ஹிட்லர் கட்சியார் பெரிதும் போற்றிய இனநூலாசிரியர் ஒருவர், உயர்ந்த இனத்தாருக்குரிய மூக்கின் அளவையும் முகத்தின் அமைப்பையும் விதித்திருந்தார். அவ்விதிகளையே அளவுகோலாகக் கொண்டு கெர்லிக் ஹிட்லரின் முகத்தை அளந்தார். அக்கட்சியின் சாஸ்திரப்படியே அதன் தலைவர் அவ்வுயர்ந்த இனத்தைச் சேர்ந்தவராகார் என்று முடிவுகட்டினார். அக்கட்டுரையில் வரும் சில சொற்களும், அதனுடன் அச்சிட்ட படமும், பிற இனத்தாரைக் குறித்து அக்காலத்தார் கொண்ட எண்ணத்தினின்றும் முற்றும் விடுபட்டனவல்ல. இன்று நாம் அவற்றை ஏற்கமாட்டோம். ஆயினும், இனப்பெருமை என்னும் கோட்டையை அதன் சொந்தக் கற்களாலேயே அவர் தகர்த்தார் என்பதில் ஐயமில்லை. எல்லாவற்றையும் பொறுத்தாலும் கேலியைப் பொறாத கட்சி அது. அக்கட்டுரையை அவர்கள் மறக்கவில்லை.

அதே மாதம் 31ஆம் நாள் பாராளுமன்றத் தேர்தல். அன்று காலை வெளிவந்த இதழில், அக்கட்சி ஆட்சிக்கு வந்தால் அண்டை நாடுகளோடு பகையும், உள்நாட்டிலே கொடுங்கோன்மையும், பெரும்போரும், அளவற்ற துன்பமும் வந்தே தீரும் என்று கெர்லிக் எச்சரித்தார். மாலையில் வாக்குகள் எண்ணப்பட்டன. அக்கட்சி 230 இடங்களைப் பெற்றுப் பாராளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியாயிற்று.

எழுதியது வீணாயிற்றோ என்று அன்றிரவு அவர் நினைத்திருப்பரோ, நாம் அறியோம். அடுத்த வாரத்து இதழும் முன்போலவே வெளிவந்தது என்பதை மாத்திரம் அறிவோம்.

கடைசி வாரங்கள்

1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் பிரதம மந்திரியானார். பத்து ஆண்டுகளுக்குமுன் பெர்லினிலே தொடங்கிய ரேடியோ ஒலிபரப்பு, 1932ஆம் ஆண்டிலேயே முழுதும் அரசாங்கத்தின் பிடியில் வந்திருந்தது. இப்போது அந்த ரேடியோ, ஆட்சியாளர் பேச்சை வீடுதோறும் கொண்டுசென்றது. எதிர்க்கட்சியாருக்கு அங்கே இடமில்லை. பத்திரிகைகளைத் தடைசெய்யும் அதிகாரம் பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு சட்டத்தால் அளிக்கப்பட்டது. பாராளுமன்றக் கட்டிடம் தீப்பற்றியெரிந்ததன் மறுநாள், பிப்ரவரி 28இல், எழுத்துரிமை முதலிய உரிமைகளெல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வளவு பெரிய ஆற்றலுக்கு எதிரே கெர்லிக்கிடம் இருந்தவை ஓர் அச்சியந்திரமும் ஒரு பேனாவுமே.

சுவிட்ஸர்லாந்துக்குத் தப்பிச் செல்லுமாறு அவரை வேண்டினோர் உண்டு. மியூனிக்கிலிருந்து எல்லை தொலைவிலில்லை. அவர் செல்லவில்லை. பிறரை அஞ்சாதீர் என்று வாரந்தோறும் எழுதியவர், தாம் மட்டும் ஓடிப்போதல் தகுமா என்பது அவர் எண்ணமாயிருந்திருக்கலாம்.

மார்ச் 9ஆம் நாள் பவேரிய அரசாங்கம் கவிழ்க்கப்பட்டது. அன்று மாலை பழுப்புச்சட்டைப் படையினர் நேர்வழி அலுவலகத்துட் புகுந்து, பொருள்களை உடைத்து, ஆசிரியரை இரக்கமின்றி அடித்து இழுத்துச் சென்றனர். ஹிட்லர் கட்சியைத் தொடக்கமுதல் எதிர்த்துவந்த சமூக ஜனநாயகக் கட்சியாரின் மியூனிக் நாளிதழுக்கும் அன்று அதே கதி நேர்ந்தது. கொள்கையால் அவ்விரு பத்திரிகைகளும் இருவேறு துருவங்கள். ஆயினும், உண்மையைக் கூறிய குற்றத்துக்கு இரண்டும் ஒரே நாளில் தண்டனை பெற்றன.

சிறையும் முடிவும்

விசாரணையில்லை, குற்றச்சாட்டுமில்லை. காவற்பாதுகாப்பு என்னும் இனிய பெயரால் கெர்லிக் மியூனிக் நகரப் போலீஸ் சிறையிலே ஏறத்தாழ பதினாறு மாதங்கள் அடைக்கப்பட்டிருந்தார். நாப் அடிகள் நாட்டைவிட்டுத் தப்பி, 1935ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பர்க் நகரில் உயிர்நீத்தார். அரெட்டினும் சிறைப்பட்டார், ஆனால், உயிர்பிழைத்தார்.

1934ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், ஹிட்லர் தம் படைத்தலைவர் சிலரைக் கொல்ல ஆணையிட்டார். பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொள்ளவும் அந்நாள் பயன்பட்டது. பத்தாண்டுகளுக்குமுன் கலகத்தை அடக்கிய முதியவர் கார், அன்று மியூனிக்குக்கு அண்மையிலுள்ள டாக்கௌ முகாமிலே கொல்லப்பட்டார். அன்றிரவே கெர்லிக்கும் சிறையிலிருந்து அம்முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51. மூன்று நாட்களுக்குள், அக்கொலைகளெல்லாம் நாட்டைக் காக்கச் செய்தனவென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கொன்றவர் எவரும் அன்று விசாரிக்கப்படவில்லை.

ஸோபி அம்மையாருக்கு ஓலை வரவில்லை; ஆறுதல் கூறுவாரும் வரவில்லை. இரத்தக்கறை படிந்த கணவரின் மூக்குக்கண்ணாடி வந்தது. அதனைக் கண்டே அவர் நடந்ததை அறிந்தார்.

முடிவுரை

1945ஆம் ஆண்டில் அவ்வாட்சி அழிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள், மியூனிக்கில் ஒரு புதிய நாளிதழ் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இதழை அச்சிடுவதற்கு, ஹிட்லர் எழுதிய நூலின் அச்சுத்தகடுகளை உருக்கி அந்த ஈயத்தைப் பயன்படுத்தினர். கெர்லிக் அதனைக் காண இல்லை. பிற்காலத்தில் அவர் பெயரால் திரைப்படங்களுக்குரிய பரிசொன்று ஏற்படுத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில், அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தற்குரிய விசாரணையை மியூனிக் மேற்றிராணியார் தொடங்கிவைத்தார்.

அவர் எழுத்து ஓர் ஆட்சியைத் தடுத்ததா என்று கேட்பின், இல்லையென்றே கூறவேண்டும். எச்சரித்த நாளிலேயே எதிரிகள் வென்றனர். பின் அவ்வெழுத்தாற் பயன் என்னை? போர் முடிந்தபின் ஜெர்மனியிலே பற்பலர், இவ்வாறாகுமென்று தாங்கள் அறிந்திலர் என்றனர். அச்சொல்லுக்கு மறுமொழியாய் 1932ஆம் ஆண்டின் அவ்வாரத்தாள்கள் நிற்கின்றன. அவை மறைவில் அச்சிடப்பட்டவையல்ல. மியூனிக் தெருக்களிற் சில காசுக்கு விற்கப்பட்டவை. படிக்க விரும்பியவர் படித்திருக்கலாம். அறிய விரும்பியவர் அறிந்திருக்கலாம். பொட்டலங் கட்டிக் கழியவேண்டிய தாள், ஒரு தலைமுறைக்கு எதிரான சாட்சியாயிற்று. ஆவணக் காப்பகத்தில் வாழ்வைத் தொடங்கியவர், தாமே ஓர் ஆவணத்தை விட்டுச் சென்றார்.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் இளைஞருட் சிலர் பத்திரிகைத் தொழிலைக் கைக்கொள்ளுகின்றனர். ஏனையோர் பத்திரிகை படிப்போராகின்றனர். இருதிறத்தாருக்கும் இவ்வரலாறு உரியது. கெர்லிக் ஒருமுறை ஏமாந்தார். ஏமாந்ததை ஒப்புக்கொள்ள நாணி வாளாவிருந்திருந்தால், அவர் முதுமைவரை வாழ்ந்திருத்தலுங் கூடும். கண்ணொளி குன்றிய அவர், நாணத்தை விலக்கி நன்றாகப் பார்த்தார், கண்டதை எழுதினார். நல்ல கண்ணுடைய நாம் நாடோறும் எதைப் பார்க்கின்றோம், பார்த்ததில் எதைச் சொல்லாது விடுகின்றோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல், அப்பெரியாருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.